கிழித்துக் கட்டுவதா, வெட்டித் தைப்பதா? துணித்துண்டுத் தோரணங்கள் ஓர் அலசல்

வீட்டில் தையல் மிஷின் இருக்கிறதோ இல்லையோ, துணி மூட்டை ஒன்று கட்டாயம் இருக்கும். காலர் நைந்த சட்டை, ஜோடி இழந்த தலையணை உறை, நடுவில் கிழிந்த படுக்கை விரிப்பு, தைத்தபின் மிஞ்சிய கையகலத் துண்டுகள் எல்லாம் "எதற்காவது ஆகும்" என்ற ஒரே நம்பிக்கையில் அதற்குள் போய்ச் சேர்கின்றன. பண்டிகைக்கு வீட்டை அலங்கரிக்க உட்காரும் நாளில்தான் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வருகிறது.

சென்ற ஆண்டு அந்த மூட்டையை அவிழ்த்து, அடுத்தடுத்த இரண்டு ஜன்னல்களுக்கு இரண்டு விதமான தோரணம் செய்தேன். ஒன்று, துணியை நாடா நாடாவாகக் கிழித்துக் கயிற்றில் முடிச்சிட்டது. மற்றது, முக்கோணமாக வெட்டி, இரட்டைத் துணியாகத் தைத்து, பட்டியில் கோத்தது. இரண்டும் மூன்று மீட்டர் நீளம். எது அழகு என்று கேட்டால் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வீட்டில் ஆளுக்கொரு கட்சி. எந்தத் துணிக்கு எது என்று கேட்டால் மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கிழித்துக் கட்டுவது

இதற்குத் தையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. துணியின் ஓரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு சின்ன வெட்டு. வெட்டின் இரு பக்கத்தையும் பிடித்து ஓர் இழுப்பு. சர்ரென்று ஒரே மூச்சில் கடைசிவரை ஓடும். கிழிசல் ஒரே நூலின் போக்கைப் பற்றிக்கொண்டு போவதால் வரும் நேர்த்தி அது. கத்தரியை எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் இவ்வளவு நேராக வராது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் போக்கிலும் கிழிக்கலாம், குறுக்கே ஓடும் ஊடு நூலின் போக்கிலும் கிழிக்கலாம். மூலைவாட்டில் மட்டும் நடக்காது.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணிக்குத்தான் இந்தச் சுகம். டி-ஷர்ட் துணி நெய்ததல்ல, கண்ணி கண்ணியாகப் பின்னியது. அது கிழியாமல் இழுபடும். அதைக் கத்தரியால் நாடாவாக வெட்டி இரு முனையையும் பிடித்து இழுத்தால் ஓரங்கள் உள்பக்கமாகச் சுருண்டு குழல்போல் ஆகிவிடும். நான் அந்தக் குழலையே தோரணத்தின் கயிறாகப் பயன்படுத்தினேன். சணலைவிட மென்மையானது, முடிச்சும் வழுக்காது. ஒரே குறை, பாரம் ஏறினால் நடுவில் தொய்யும். அதனால் நடுவிலும் ஓர் ஆணி வேண்டும்.

முடிச்சு எளிது. 20 சென்டிமீட்டர் நீள நாடாவை இரண்டாக மடித்து, மடிப்பைக் கயிற்றுக்குப் பின்னால் கொண்டுபோய், அதன் கண் வழியே இரு வால்களையும் நுழைத்து இழுக்க வேண்டும். என் எட்டு வயது மகள் ஐந்தாவது முடிச்சுக்குள் கற்றுக்கொண்டாள். அறுபதாவது முடிச்சில் கையை நிறுத்தி, "அம்மா, இது என் பள்ளிக்கூடச் சட்டைதானே?" என்றாள். ஆமாம் என்றேன். அதன்பிறகு அந்த நீல நாடாக்களை மட்டும் தானே பொறுக்கிக் கட்டினாள்.

இனி கணக்கு. இந்த முறை சிக்கனமானது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். தோரணம் அடர்த்தியாக இருக்க வேண்டுமானால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 80 முடிச்சுகள் வேண்டும். ஒவ்வொரு நாடாவும் இரண்டரைக்கு இருபது, அதாவது 50 சதுர சென்டிமீட்டர். எண்பதால் பெருக்கினால் 4,000 சதுர சென்டிமீட்டர். பெரியவர் சட்டை ஒன்றின் முதுகுப் பகுதி முழுவதும் சேர்ந்தால் அவ்வளவுதான் வரும். ஒரு மீட்டர் தோரணத்துக்கு ஒரு சட்டை முதுகு! என் ஜன்னலுக்கு மூன்று முதுகுகள், 240 முடிச்சுகள். துண்டுத்துணியைத் தீர்க்கும் வழி என்று பார்த்தால் இதைவிடப் பெருந்தீனிக்காரன் கிடையாது.

வெட்டித் தைப்பது

அடிப்பக்கம் 15 சென்டிமீட்டர், உயரம் 18 சென்டிமீட்டர் கொண்ட முக்கோணம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 3 சென்டிமீட்டர் இடைவெளி. இந்தக் கணக்கில் மூன்று மீட்டருக்கு 16 கொடிகள் போதும். முன்னும் பின்னுமாக இரட்டைத் துணி வைத்தாலும் மொத்தம் 4,320 சதுர சென்டிமீட்டர்தான். முக்கோணங்களை ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக அடுக்கி வெட்டினால் கழிவும் அதிகம் விழாது. கிழித்த தோரணம் 12,000 தின்ற இடத்தில் இது மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது.

நேரம்தான் வேறு கதை. கிழித்த தோரணத்தை ஒரு மாலையில் முடித்தோம், அதிலும் பாதி நேரம் அரட்டை. முக்கோணங்கள் எனக்கு நான்கு மாலைகளைக் கேட்டன. வெட்டுவது, நல்ல பக்கங்களை உள்ளே வைத்து இரண்டு சாய்ந்த ஓரங்களைத் தைப்பது, கூர்முனையில் மிஞ்சும் துணியை நறுக்குவது, திருப்புவது, இஸ்திரி போடுவது, பட்டியில் வைத்துத் தைப்பது. திருப்பும்போது முனையைக் கூர்மையாக்க ஆசைப்பட்டுக் கத்தரி நுனியால் குத்தினேன். துணியைத் துளைத்துக்கொண்டு நுனி வெளியே வந்து எட்டிப் பார்த்தது. அதற்கு மழுங்கிய பென்சிலோ பின்னல் ஊசியின் பின்முனையோ தான் சரி.

சாய்ந்த ஓரங்களுக்கு ஒரு நல்ல குணமும் ஒரு கெட்ட குணமும் உண்டு. நூல்களின் குறுக்கே சாய்வாக வெட்டப்படுவதால் அவை நேர் ஓரம் அளவுக்குச் சிலும்பாது. அதனால் அவசரக்காரர்கள் ஜிக்ஜாக் கத்தரியால் ஒற்றைத் துணியாக வெட்டி, தைக்காமலே தொங்கவிடலாம். ஒரு பருவத்துக்குத் தாங்கும். கெட்ட குணம், சாய்ந்த ஓரம் இழுத்தால் நீளும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுத்தால் முக்கோணம் கோணல் கொடியாகிவிடும். தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும்.

பட்டிக்கு விலை கொடுத்து நாடா வாங்க வேண்டியதில்லை. பழைய படுக்கை விரிப்பின் தலைமாட்டு ஓரத்தைப் பாருங்கள்: ஏற்கெனவே மடித்துத் தைத்த பட்டி அங்கே தயாராக இருக்கிறது. அதை அப்படியே வெட்டியெடுத்தேன். விரிப்பு நடுவில்தான் நைந்து கிழியும், ஓரங்கள் புதிதுபோலவே இருக்கும்.

முக்கோணத்தின் பெரிய சிக்கல் வேறு. அது ஒவ்வொரு துணியையும் தனியாக மேடையேற்றுகிறது. கறை தெரியும், வெளுப்பு தெரியும், எந்தக் காலத்திலோ ஆசைப்பட்டு வாங்கிய அவலட்சணமான பூப்போட்ட திரைச்சீலையும் தெரியும். கிழித்த தோரணத்தில் அதே திரைச்சீலை இரண்டரை சென்டிமீட்டர் நாடாக்களாகி மற்ற நிறங்களோடு கலந்துவிட்டதும் அதன் பூ எங்கே போனது என்றே தெரியவில்லை. ஆகவே என் தீர்ப்பு இதுதான்: பெரிதாகவும் அசிங்கமாகவும் இருக்கும் துணியைக் கிழியுங்கள், சிறிதாகவும் அழகாகவும் இருப்பதை வெட்டித் தையுங்கள். மூட்டையில் எது அதிகம் என்பதைப் பார்த்து முடிவு செய்தால் போதும்.

ஊசியா, குளூ கன்னா?

இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளர் அல்ல. ஒருமுறை சூடுபட்டவள்.

ஒரு வளையத்தைச் சுற்றித் துணிப்பூக்களைக் குளூ கன்னால் ஒட்டி, வெயில் படும் கண்ணாடி ஜன்னலில் மாட்டினேன். காலையில் கச்சிதமாக இருந்தது. பிற்பகலில் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது பொத்தென்று ஒரு சத்தம். சிறிது நேரத்தில் இன்னொன்று. போய்ப் பார்த்தால் பூக்கள் ஒவ்வொன்றாகத் தரையில். உருக்கி ஒட்டும் பசை, சூடு ஏறினால் மறுபடி இளகத்தான் செய்யும். அதிக வெப்ப வகைக் குளூ கன் ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிறது. குறைந்த வெப்ப வகை 120 டிகிரி அளவில். முன்னது பிடிமானம் அதிகம், ஆனால் மெல்லிய துணியில் ஊறி மறுபக்கம் கண்ணாடித் திட்டாகத் தெரியும், விரலையும் பொசுக்கும். பின்னது விரலுக்குக் கருணை காட்டும், வெயிலைத் தாங்காது. இரண்டுமே ஆறியபின் கெட்டி வரம்பாக நிற்கும். அதன்மேல் ஊசி இறங்காது.

வெள்ளைப் பசை சாதுவானது. காயப் பொறுமை வேண்டும், துணி விறைக்கும், சாதாரண வகை ஈரம் பட்டால் விட்டுவிடும். கண்ணாடி ஜாடி, தகர டப்பா, அட்டை ஆகியவற்றின்மேல் துணி ஒட்ட அதுதான் சரி. துணியோடு துணி சேரும் இடத்தில் நூலைத் தவிர வேறு எதையும் நான் இப்போது நம்புவதில்லை. தைத்தது பிடிக்கவில்லை என்றால் நூலை நறுக்கிவிட்டுத் துணியைத் திரும்ப மூட்டையில் போடலாம். பசை பட்ட துணிக்குக் குப்பைத்தொட்டிதான் கதி.

துணிப்பூவுக்குத் தையலும் பெரிய வித்தை இல்லை. 10 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டம் வெட்டி, ஓரத்தை அரை சென்டிமீட்டர் உள்ளே மடித்தபடியே சுற்றிலும் நூலோட்டி, கடைசியில் இழுத்தால் சுருங்கி, ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர் பூவாகும். இங்கே அனுபவம் கற்றுக்கொடுத்த முரண் ஒன்று உண்டு. பொடிப்பொடியாகத் தையல் போட்டால் நடுவில் ஓட்டை பெரிதாக வாய் பிளந்து நிற்கும். கொஞ்சம் நீள நீளமாகப் போட்டால் மடிப்புகள் குறைந்து ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். நேர்த்தியாகத் தைக்கிறேன் என்று முதல் பத்துப் பூக்களை நான் கெடுத்தது இப்படித்தான்.

வீட்டு மூட்டையா, பழைய பொருள் கடையா?

வீட்டு மூட்டையில் கிடைப்பதுதான் நிறம். கேட்ட நிறம் கிடைக்காது. சிவப்பும் பச்சையும் மட்டும் வேண்டும், அல்லது வெள்ளையும் பொன்னிறமும் மட்டும் வேண்டும் என்பவர்கள் பழைய பொருள் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே துணியைச் சட்டையாகப் பார்க்காதீர்கள், பரப்பாகப் பாருங்கள். ஆகப் பெரிய அளவில் கிடைக்கும் சட்டை, தையல் குறைவான நீளப் பாவாடை, திரைச்சீலை, மேசை விரிப்பு ஆகியவற்றில்தான் வெட்டுவதற்கு இடம் இருக்கும். குழந்தை உடுப்பு கண்ணுக்கு அழகு, துணியாக ஒன்றும் தேறாது.

லேபிள் கிழிந்த துணி என்ன நூல் என்று தெரிய ஒரு பழைய சோதனை உண்டு. இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டியின்மேல் கொளுத்த வேண்டும். பருத்தி காகிதம்போல மணந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியபின் கரிய கெட்டி மணியாக நிற்கும். கம்பளியும் பட்டும் மயிர் பொசுங்கும் நாற்றம் அடிக்கும். இது எதற்கு என்றால், பருத்தி என்று நினைத்து இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்தால் செயற்கை நூல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கம்பளி ஸ்வெட்டர் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். வெந்நீரில் சோப்புப் போட்டு நன்றாக அலசிக் கசக்கினால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, சுருங்கி, கெட்டியாகும். பிறகு நட்சத்திரம், இலை, பறவை என்று எந்த வடிவத்தில் வெட்டினாலும் ஓரம் பிரியாது. இப்படி இழைகள் இறுகிக் கெட்டியான துணிக்குப் பெயர்தான் ஃபெல்ட். கடையில் விற்கும் ஃபெல்ட் பெரும்பாலும் செயற்கை இழை. பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் விரலுக்குத் தெரியும். ஆனால் மெஷினில் துவைக்கலாம் என்று லேபிள் சொல்லும் கம்பளி இப்படிச் சுருங்காது. அப்படிச் சுருங்காமலிருக்கத்தானே அதைப் பதப்படுத்தியிருக்கிறார்கள். அந்துப்பூச்சி ஓட்டை இருந்தால் துணியைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தபின் வீட்டுத் துணிகளோடு சேருங்கள்.

துணியல்லாத சாமான்களில் எனக்கு அவநம்பிக்கை அதிகம். ஜாடியும் படச்சட்டமும் சரி. பெயின்ட் உரியும் பழைய மரப்பொம்மையில் ஈயம் இருக்கக்கூடும். அதைச் சுரண்டவும் கூடாது, குழந்தை கையில் கொடுக்கவும் கூடாது. வயர் வெடித்த பழைய சரவிளக்கை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். துணி சுற்றிய ஜாடிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றாமல் பேட்டரியில் எரியும் எல்இடி வையுங்கள்.

கழற்றும் நாள்

பண்டிகை முடிந்து கழற்றியபோது முக்கோணத் தோரணம் ஒரு புத்தகத்தின் மேல் மடித்து வைக்கும் அளவுக்கு ஒடுங்கியது. துவைத்து, இஸ்திரி போட்டு, தலையணை உறைக்குள் போட்டுவிட்டேன். கிழித்த தோரணம் தூசியோடு உதறப்பட்டு, அட்டைக் குழாயில் சுற்றப்பட்டு, ஒரு பெட்டியை முழுவதும் அடைத்துக்கொண்டது. அதை மெஷினில் போட்டுப் பார்த்தது என் தவறு. 480 வால்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே கட்டியாக வெளியே வந்தன. பிரித்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இனி வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, நீளவாக்கில் கொடியில் உலர்த்துவதோடு சரி.

இந்த ஆண்டு ஜன்னல் இரண்டுக்கும் அவை இரண்டும் திரும்ப ஏறும். மூட்டையில் மிஞ்சியிருப்பவை மூன்று சட்டைகளின் காலர்களும் கைப்பட்டிகளும்தான். கிழிக்கவும் வராது, வெட்டவும் மனமில்லை. பட்டன்களை மட்டும் நறுக்கி ஒரு ஜாடியில் போட்டு வைத்திருக்கிறேன்.