பிராசஸருக்கு முன் சாக்கெட்டைப் பாருங்கள்

கணினியை நாமே அசெம்பிள் செய்யலாம் என்று உட்கார்ந்தால் கை முதலில் போவது பிராசஸர் பட்டியலுக்குத்தான். எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று நாள்கணக்கில் அலசிவிட்டு, மதர்போர்டை அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறோம். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்பேன். நாலு வருடம் கழித்து பிராசஸரைக் கழற்றி வேறொன்று மாட்டுவது சின்ன வேலை. மதர்போர்டை மாற்றுவதென்றால் கேபினெட்டையே காலி செய்ய வேண்டும்; ரேமும் சேர்ந்து மாற வேண்டி வரலாம். அதனால் ஏஎம்டியா இன்டெல்லா என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது சாக்கெட்டின் ஆயுளைத்தான். மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட்; எத்தனை தலைமுறை பிராசஸர்களை அது ஏற்கிறதோ அதுவே அதன் ஆயுள்.

அதில் இரு நிறுவனங்களின் பழக்கமும் வேறு வேறு. 2017இல் ஏஎம்டியின் ரைசன் பிராசஸர்களோடு வந்த ஏஎம்4 சாக்கெட் போர்டுகள் பலவற்றுக்கு 2022இல் பயாஸ் (போர்டைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) அப்டேட் கிடைத்தது. முதல் தலைமுறை ரைசனை எடுத்துவிட்டு 5800எக்ஸ்3டியை அதே போர்டில் உட்கார வைக்க முடிந்தது. ஐந்து வயதான போர்டில் அன்றைய முன்னணி கேமிங் பிராசஸர்! இன்டெல் பக்கம் எல்ஜிஏ 1151 சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 6, 7ஆம் தலைமுறைகளுக்கும் 8, 9க்கும் சாக்கெட் பெயர் ஒன்றுதான். ஆனால் 6, 7க்காக வந்த 100, 200 வரிசை போர்டுகளில் 8ஆம் தலைமுறைக்கு ஆதரவு இல்லை. 300 வரிசை போர்டு புதிதாக வாங்க வேண்டியிருந்தது. பிறகு வந்த எல்ஜிஏ 1700 மட்டும் 12, 13, 14 என்று மூன்று தலைமுறைகளைத் தாங்கியது.

எல்லாமே புதிதாக வாங்குபவருக்கு ஏஎம்டியின் ஏஎம்5, இன்டெலின் எல்ஜிஏ 1851 இரண்டும் நேரடிப் போட்டி. இரண்டும் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். 2022இல் வந்த ஏஎம்5இல் ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள் ஓடுகின்றன. 2027 வரையாவது ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எல்ஜிஏ 1851 அக்டோபர் 2024இல் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையோடு வந்தது. அதன் ஆயுளை நம்பி வாங்க எனக்குத் துணிவில்லை.

கேமிங்தான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஏஎம்5. ரைசன் 9700எக்ஸுக்கும் 9800எக்ஸ்3டிக்கும் எட்டு கோர்கள்தான், ஆனால் பிராசஸருக்குள் இருக்கும் வேகமான நினைவகமான எல்3 கேஷ் முதலாவதில் 32 எம்பி, இரண்டாவதில் 96 எம்பி. கேம் திரும்பத் திரும்பக் கேட்கும் தரவு பிராசஸருக்குள்ளேயே இருந்தால் ரேம் வரை போய் வரும் காத்திருப்பு குறைகிறது. அந்தக் காத்திருப்புதான் பல கேம்களில் வேகத்தை இழுத்துப் பிடிப்பது. கோர் அல்ட்ராவோ வெளிவந்தபோது சில கேம்களில் இன்டெலின் சொந்த 14ஆம் தலைமுறையையே எட்டவில்லை.

வீடியோ எடிட்டிங், ரெண்டரிங், பெரிய புரோகிராம்களை கம்பைல் செய்வது என்றால் தராசு இன்டெல் பக்கம் சாய்கிறது. கோர் அல்ட்ரா 7 265கே-வில் 8 பெரிய கோர், 12 சிறிய கோர், மொத்தம் 20. கேமராவிலிருந்து வரும் 4:2:2 ஹெச்.265 (நிற விவரம் அதிகமான, சுருக்கிய வீடியோ வடிவம்) காட்சிகளை இன்டெலின் உள்ளமை கிராபிக்ஸே டிகோட் செய்துவிடும்; டைம்லைனில் இழுத்துப் பார்க்கும்போது அதன் அருமை தெரியும். எடிட்டிங்கே தொழிலாக இருப்பவர் சாக்கெட் ஆயுளைப் பற்றிய என் வாதத்தை ஒதுக்கிவிடலாம்.

பழைய டிடிஆர்4 ரேம் கையில் இருப்பவருக்கு ஏஎம்4, எல்ஜிஏ 1700 இரண்டும் இன்னும் கைகொடுக்கும். ஆறு கோர் ஐ5-12400 அன்றாட வேலைக்குத் தாராளம். எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகை உண்டு, ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது. 13, 14ஆம் தலைமுறையின் உயர்ரக பிராசஸர் எடுத்தால் பயாஸை முதலில் அப்டேட் செய்யுங்கள். அதிக வோல்டேஜால் சில பிராசஸர்கள் நிலைகுலைந்ததை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியே வரும் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது. திருத்தம் மேலும் சேதமாகாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. அதனால் செகண்ட்ஹேண்டில் இவற்றை நான் தொடமாட்டேன்.

சாக்கெட் முடிவானால் அடுத்தது சிப்செட், அதாவது போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்; பி760, எக்ஸ்870 போன்றவை அதன் பெயர்கள். இன்டெலில் பெயர் கே என்று முடியும் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) இசட் வரிசை போர்டு வேண்டும். பி760இல் ரேம் வேகத்தை மட்டும் ஏற்றலாம், ஹெச்610இல் அதுவும் கிடையாது. ஏஎம்5இல் பி650, பி850 போர்டுகளிலேயே ஓவர்கிளாக் செய்யலாம். எக்ஸ்870இல் அதிவேக யுஎஸ்பி4 போர்ட் கட்டாயமாக வரும். அது தேவைப்படாதவர் பி850இல் நிற்கலாம், பிராசஸரின் வேகம் அதனால் குறையாது. அதைவிட, பிராசஸருக்கு மின்சாரம் ஊட்டும் விஆர்எம் பகுதியில் நல்ல ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பட்டை) இருக்கிறதா என்று பாருங்கள். 65 வாட் ரைசன் 7600க்கு எளிய போர்டே போதும். முழு வேகத்தில் 250 வாட் வரை இழுக்கும் 265கே-வை அதே தரத்து போர்டில் மாட்டினால் விஆர்எம் சூடேறி பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஏஎம்5இல் ரேம் இரண்டு குச்சிகளாக வாங்குங்கள், நான்கு வேண்டாம். ரைசன் 9000க்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு குச்சிக்கு டிடிஆர்5-5600, நான்கு குச்சிக்கு டிடிஆர்5-3600. பெரும்பாலான போர்டுகளில் அவை பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் உட்கார வேண்டும். என் முதல் ஏஎம்5 கணினியில் பவர் பொத்தானை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது, திரை இருட்டு. நெஞ்சு படபடக்க அணைத்தேன், ரேமைக் கழற்றி மாட்டினேன், மறுபடி இருட்டு. மூன்றாவது முறை எதையும் தொடாமல் விட்டுவைத்தேன், சில நிமிடங்களில் பயாஸ் திரை வந்தது. முதல் முறை ஆன் ஆகும்போது ரேமின் நேர அளவுகளைப் போர்டு தானே சோதித்து அமைத்துக்கொள்கிறது. நான் அணைக்க அணைக்க அது முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. 600 வரிசை (பி650 போன்ற) ஏஎம்5 போர்டில் ரைசன் 9000 மாட்டப்போகிறீர்கள் என்றால், போர்டு நிறுவனத்தின் தளத்தில் பிராசஸர் ஆதரவுப் பட்டியலைத் திறந்து, உங்கள் பிராசஸரின் எதிரே எந்த பயாஸ் பதிப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள். கிடங்கில் நெடுநாள் கிடந்த போர்டில் அதற்கு முந்தைய பதிப்பு இருக்கலாம். பிராசஸரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பொத்தான் போர்டின் பின்புறம் இருந்தால் அன்றே வேலை முடியும். இல்லையென்றால், பழைய பதிப்பில் ஓடும் இன்னொரு பிராசஸரை யாரிடமாவது இரவல் கேட்க வேண்டியிருக்கும்.