நிறுத்தி யோசிக்க வைக்கும் செயலி நல்லது, அதில் வரும் டோபமின் பாடம் வேண்டாம்

நேரம் போவதே தெரியாமல் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பவர்களுக்கான செயலி இது. நாம் குறித்துவைத்த செயலிகளைத் தொட்டால் உடனே திறக்காது. திரை கொஞ்ச நேரம் வெறுமையாக நிற்கும், 'இப்போது எதற்கு?' என்று கேட்கும், அப்புறம்தான் வழிவிடும். அறிவிப்புகளைத் தேக்கி வைத்து, நாம் சொன்ன நேரத்தில் மொத்தமாகக் காட்டும்.

இந்த இரண்டு வேலையையும் நன்றாகவே செய்கிறது. படுத்த பிறகு போனை எடுக்கும் பழக்கம் எனக்கு நிறையவே குறைந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பல நேரம் என்னிடம் பதில் இருப்பதில்லை, போனைக் கீழே வைத்துவிடுகிறேன்.

நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளைப் படித்தால், போனை எடுக்கத் தூண்டுவது எது என்று பிடிபடும். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைத் தரும் செல்கள் துடித்தன. சாறுக்கு முன் ஒரு அடையாளம் வரும் என்று பழகியதும் அந்த அடையாளத்துக்கே துடித்தன, சாறு வந்தபோது சும்மா இருந்தன. நமக்கு அறிவிப்பு ஒலிதான் அந்த அடையாளம். சாறு வருமா வராதா என்பது சரிபாதி சந்தேகமாக இருந்தபோது, காத்திருந்த நேரம் முழுக்கச் செல்களின் இயக்கம் கூடிக்கொண்டே போனதை அவருடைய குழு 2003இல் காட்டியது. அடுத்து என்ன வருமோ என்று நாம் தள்ளிக்கொண்டே இருப்பதும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் செயலியில் வரும் பாடப் பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. டோபமின் 'இன்ப ரசாயனம்', அது தீர்ந்துபோகும், ஒரு நாள் விரதம் இருந்தால் மறுபடி நிரம்பும் என்கிறது. தினமும் ஒரு 'டோபமின் மதிப்பெண்' வேறு. அது வெறும் திரைநேரக் கணக்கு. மூளைக்குள் இருப்பதை எந்தப் போனும் அளப்பதில்லை.

என் அப்பாவுக்குப் பார்கின்சன் நோய். டோபமின் தரும் செல்கள் அழிந்துபோகும் நோய் அது. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை தாமதமானால் நாற்காலியிலிருந்து எழவே சிரமப்படுவார். நடுக்கத்தைவிட எங்களை அதிகம் வருத்தியது, அவருக்கு எதிலும் முனைப்பு இல்லாமல் போனதுதான். பாட்டு போட்டால் ரசித்துக் கேட்பார். ஆனால் போட்டுக் கேட்கலாம் என்று அவருக்குத் தானாகத் தோன்றாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் எலிகளிடம் பார்த்ததும் இப்படித்தான். டோபமின் ஏறக்குறைய முழுதும் அகற்றப்பட்ட எலிகள், வாயில் இனிப்பு விட்டால் உதட்டை நக்கி ரசித்தன. தாமாகப் போய்த் தின்னவில்லை. வேண்டும் என்ற உந்துதல் வேறு, கிடைத்ததில் வரும் இன்பம் வேறு. பார்கின்சனுக்குத் தரும், டோபமின் போலவே செயல்படும் 'டோபமின் அகோனிஸ்ட்' மருந்துகளால் சிலருக்குச் சூதாட்ட ஆசை கட்டுக்கடங்காமல் போவதும் உண்டு, அதனால் மருத்துவர்கள் குடும்பத்தாரிடம் விசாரிக்கிறார்கள்.

அதனால்தான் டோபமினைப் பகையாகக் காட்டும் பாடம் எனக்குக் கோபம் தருகிறது. எழுந்து பல் தேய்க்கக்கூட அது வேண்டும். வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாதவர் இந்த மதிப்பெண்ணைப் பார்த்துத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம், மருத்துவரைப் பார்க்கட்டும்.

சரி, காசு கொடுக்கலாமா? கட்டணப் பதிப்பில் கூடுதலாக வருவது அந்தப் பாடங்களும் மதிப்பெண்ணும்தான். இலவசப் பதிப்பே போதும். 5க்கு 3 நட்சத்திரம். வீட்டில் நோயாளி இருந்தால், அவசர அழைப்பு வரக்கூடிய எண்களை முதலிலேயே விதிவிலக்கில் சேர்த்துவிடுங்கள். அந்த வசதி அமைப்புகளின் கடைசியில் இருக்கிறது.