சீட்டுப் பணம் மாட்டிக்கிச்சா? பெங்களூரில் இலவச சட்ட உதவி எப்படி இருக்கு

5க்கு 4 ஸ்டார். ஒன்று ஏன் குறைந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். கூட வேலை பார்ப்பவர் பிடித்த சீட்டில் பணத்தைப் போட்டுவிட்டு யாரிடம் போவது என்று தெரியாமல் இருக்கும் பீன்யா, பொம்மனஹள்ளி, பொம்மசந்திரா பக்கத்து நம் ஆட்கள், வக்கீலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் இலவச சட்ட உதவி தரும் மாநில சட்ட சேவைகள் ஆணையத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

எங்கள் கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர் அக்கா ஒருவர் ஏலச்சீட்டு பிடித்தார். 20 பேர், மாசம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. ஏலத்தில் தள்ளுபடிக்கு எடுக்காமல் கடைசிவரை வைத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. முன்னாலேயே சீட்டு எடுத்த சிலர் வேலையை விட்டுப் போனதும் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள், "அவங்க குடுத்தாத்தான் நான் குடுக்க முடியும்" என்று அக்கா கையை விரித்துவிட்டார். ஹெச்.ஆரில் இது கம்பெனி விஷயம் இல்லை என்றார்கள். ஸ்டேஷனில் சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க என்றார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அது வெறும் தட்டிக்கழிப்பு என்றும் சொல்ல முடியாது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதது மட்டும் மோசடி ஆகிவிடாது, ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் புது குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவு 318 பக்கம் போக முடியும்.

மாநில சட்ட சேவைகள் ஆணையம் ஹெச். சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கிறது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 15100க்குப் போன் போட்டுக் கேட்கலாம். 1987ஆம் வருஷச் சட்ட சேவைகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்குத்தான் வருமானம் பார்ப்பார்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் இது ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்து வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

எனக்குப் பேசிய வக்கீல் முதலில் கேட்டது எவ்வளவு பணம் என்று இல்லை, "யார் கையில கொடுத்தீங்க?" என்றுதான். கேஸ் முழுக்க அதில்தான் நிற்கிறது. கட்டாமல் ஓடியவர்களை நான் தேட வேண்டியதில்லை, நான் பணம் கொடுத்தது அக்காவிடம், பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நோட்டை வாங்கி ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அக்கா போட்ட குட்டிக் கையெழுத்தைப் பேனா முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், கையெழுத்து இல்லாத மாசங்களுக்கு மட்டும் ஜிபே கணக்கை எடுக்கச் சொன்னார். "அடுத்த மாசம் கண்டிப்பா செட்டில் பண்றேன்டா" என்று அக்கா அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜைக் காட்டினேன். அழிக்காதீங்க, போனையும் மாத்தாதீங்க, கோர்ட்டுக்குப் போனால் இதோடு எலெக்ட்ரானிக் ஆதாரத்துக்கான, புது சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வைக்கணும் என்றார். வழக்குப் போட 3 வருஷம்தான் டைம், அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து புதுசாக 3 வருஷம் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

எனக்கிருந்த பயம் வேறு. அக்காவின் சொந்தக்காரப் பையன் ஒருவன், பதிவு பண்ணாத சீட்டு, கேஸே நிக்காது என்று எங்களிடம் சொல்லியிருந்தான். பாதி சரி. 1982ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவில்லாமல் சீட்டு நடத்தக் கூடாது, மீறினால் 2 வருஷம் வரை ஜெயில் அல்லது 5,000 வரை அபராதம், இரண்டுமேகூட. இதில் முதலில் மாட்டுவது சீட்டு நடத்தியவர் என்பதைத் தம்பி சொல்லாமல் விட்டுவிட்டான்! அதற்காக நமக்குச் சாதகம் என்றும் குதிக்க வேண்டாம், கோர்ட்டில் எதிர்த்தரப்பு இந்த ஒப்பந்தமே செல்லாது என்று கிளப்பத்தான் செய்யும். அப்புறம், சீட்டுப் பதிவாளரிடம் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அது பதிவுத் துறை, கர்நாடகாவில் கூட்டுறவுத் துறை. ஆனால் அவர்களுடைய பஞ்சாயத்து பதிவான சீட்டுக்குத்தான்.

அதனால் வழக்குப் போடும் முன்னாலேயே சமரசம் பேசும் லோக் அதாலத்தை (மக்கள் நீதிமன்றம்) சொன்னார்கள். மனு கொடுத்தேன், ஃபீஸ் இல்லை, அக்காவுக்கு நோட்டீஸ் போனது, புருஷனோடு வந்தார். என்னிடம் பேசுவதைவிட அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் மரியாதையாகப் பேசினார், அதுவரை "பாக்கியே இல்ல" என்றவர் நோட்டைப் பார்த்ததும் "கொஞ்சம் டைம் குடுங்க" என்றார். கட்டிய பணம் தவணையில், ஒவ்வொன்றுக்கும் பின்தேதி போட்ட செக் என்று முடிந்தது. கசரை (ஏலத் தள்ளுபடியில் என் பங்கை) விட்டுக்கொடுத்தேன், அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் கையில் இருப்பது வெறும் ஒப்பந்தக் காகிதம் இல்லை. லோக் அதாலத் தீர்ப்பு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது, பணம் வராவிட்டால் புதுசாக வழக்கு நடத்தாமல் நேரே நிறைவேற்று மனு போடலாம்.

குறைந்த ஒரு ஸ்டார் இதற்குத்தான்: இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் அங்கே எதுவும் நடக்கும். எதிராளி வரவே இல்லையென்றால் இழுத்து வர முடியாது, தீர்ப்பும் சொல்ல முடியாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டவர் என்றால் இந்த வழி அங்கேயே முடிந்தது. வழக்குப் போட இலவச வக்கீல் கேட்கலாம், ஆனால் அது நீண்ட கதை.

ஏற்கனவே திரும்பி வந்த செக் உங்கள் கையில் இருந்தால் சமரசத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாசத்துக்குள் கோர்ட்டில் 138 புகார் (செக் திரும்பியதற்கான சட்டப் பிரிவு), இந்தக் கணக்கு யாருக்காகவும் நிற்காது. ஒரே சீட்டில் மாட்டிய பல பேர் என்றால் சேர்ந்தே போங்கள், மனு மட்டும் தனித்தனியாக, நோட்டு ஜெராக்ஸும் தனித்தனியாக. எனக்கு முதல் செக் பாஸாகிவிட்டது, மற்றதெல்லாம் இன்னும் தேதி வரவில்லை.