காற்றின் வெப்பநிலையைத் தண்ணீரின் வெப்பநிலையாகச் சொல்லி நடத்தப்படும் ஏரி நீச்சல் முகாம்கள்: தில்லி நண்பர்கள் கவனத்திற்கு

வார இறுதியில் நைனிதால் மாவட்டத்து மலை ஏரி ஒன்றில் நீச்சல் முகாம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டுமுன், மயூர் விஹார், ஆர்.கே. புரம் வட்டாரத் தமிழ் நண்பர்கள் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மார்ச் மாதத்தில் நானும் என் மைத்துனரும் சென்ற முகாமை நடத்தியவர்கள், ஏரி நீர் 20 டிகிரி செல்சியஸ் இருக்கும் என்றும், மீட்புப் படகும் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளரும் உடனிருப்பார்கள் என்றும் எழுத்திலேயே உறுதி கூறியிருந்தனர். அங்கே படகும் இல்லை, உயிர்காப்பாளரும் இல்லை. நான் கொண்டுபோயிருந்த வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தபோது அது 12 டிகிரி காட்டியது. கேட்டதற்கு, கைபேசியில் பார்த்த அன்றைய வானிலையைத்தான் சொன்னதாகக் கூசாமல் பதில் வந்தது.

காற்று ஒரே பகலில் சூடேறிவிடும். குளிர்காலம் முழுவதும் ஆறிக் கிடந்த ஏரி நீர் சூடேற வாரங்கள் ஆகும். வெயிலில் மேற்பரப்பு சற்று இதமாக இருந்தாலும் சற்றே கீழே குளிர் அப்படியே இருக்கும் என்பதால், சர்வதேச நீச்சல் கூட்டமைப்பின் (இன்றைய பெயர் World Aquatics) திறந்தவெளி நீர்நிலைப் போட்டி விதிகள், பந்தயத் தடத்தின் நடுவில் 40 செ.மீ. ஆழத்தில் அளக்கச் சொல்கின்றன. 16 டிகிரிக்குக் கீழே போட்டியே நடத்தக் கூடாது. தேர்ந்த வீரர்களுக்கே விதி இது என்றால், 25 டிகிரிக்கு மேலுள்ள தில்லிக் குளங்களில் மட்டுமே நீந்திப் பழகிய நம்மவர்களை 12 டிகிரி நீரில் இறக்கிவிட்டதை என்னவென்று சொல்வது?

நான் அளந்துகொண்டிருந்தபோதே முதல் குழுவைக் குதிக்கச் சொல்லிவிட்டார்கள். மைத்துனர் அதில் இருந்தார். குளிர்ந்த நீர் தோலில் பட்டதும் மூச்சு தன்னிச்சையாக ஒருமுறை ஆழமாக உள்ளிழுக்கப்படும், பிறகு கட்டுக்கடங்காமல் வாங்கும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். அந்த முதல் மூச்சின்போது முகம் நீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவரும் மூழ்கலாம். நல்லவேளையாக அவர் மல்லாந்து மிதந்து, மூச்சு தணிந்த பின்பே கரைக்குத் திரும்பினார். இந்தத் தாக்கம் பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். மெல்ல இறங்கி, அதுவரை நீந்தாமல் மிதக்க வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகும் கைகால் தசைகள் குளிர்ந்து வலுவிழந்துகொண்டே போகும் என்பதால், இடுப்பில் கட்டும் மிதவையாவது கொடுத்திருக்க வேண்டும்.

கரையேறியவர்களை அவர்கள் கவனித்த விதம் இன்னும் மோசம். நடுங்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவருக்கு ரம் ஊற்றிக் கொடுத்து, கைகால்களைத் தேய்த்துவிட்டார்கள். மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து உடலின் வெப்பத்தை வெளியேற்றும், தேய்ப்பதும் கூடாது. வெளியே வந்த பின்பும் சில நிமிடங்கள் உள்ளுடல் வெப்பம் குறைந்துகொண்டே போகக்கூடும் என்பதால், ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடையும் தொப்பியும் போட்டு, கம்பளி போர்த்தி, இனிப்பான சூடான பானம் கொடுப்பதே முறை. உலர்ந்த கம்பளி அங்கு ஒன்றுகூட இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நீரில் இறங்கிவிட்டதால் தர இயலாது என்றார்கள். இறங்காத எனக்கும் அதே பதில்தான். வேறு எங்கேனும் இப்படி அழைத்தால், வெப்பநிலையை யார், எந்த நாளில், எந்த ஆழத்தில் அளந்தார்கள் என்றும், அந்த ஏரியில் நீந்த உள்ளூர் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி உண்டா என்றும் முதலில் கேளுங்கள். மழுப்பினால் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பரத்தையும் பணம் செலுத்திய ரசீதையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம் என்பதால், இதற்காக உத்தராகண்டுக்கு அலைய வேண்டியதில்லை.