அடிப்பது அது, கணக்குப் போடுவது நாம்: வாம்பயர் சர்வைவர்ஸ்

முதல் நாள் இந்த கேமைத் திறந்து பத்து நிமிஷம் ஆடிவிட்டு மூடிவிட்டேன். புல்தரையில் கட்டம் கட்டமாக ஒரு குட்டிப் பொம்மை, நாலாபக்கமும் வௌவால், கையில் ஒரு சாட்டை. அடிக்கிற பட்டனே கிடையாது. அம்புக்குறியை அழுத்தி நடக்கலாம், சாட்டை அதுபாட்டுக்குச் சொடுக்கிக்கொண்டிருக்கும். எல்டன் ரிங்கும் காட் ஆஃப் வார் ரக்னராக்கும் இருந்த பட்டியலில், பிரிட்டனின் பஃப்டா அமைப்பு தரும் 2023 சிறந்த கேம் விருதை இதற்கா கொடுத்தார்கள் என்று எரிச்சல்தான் வந்தது. அப்புறம் ஒரு மழைநாளில் கரண்ட் போய் லேப்டாப்பில் வேறு எதுவும் ஓடாத நிலையில் திரும்பத் திறந்தேன். இப்போது தொண்ணூறு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

லூகா கலான்டே என்பவர் தொடங்கிய கேம் இது. 2021 டிசம்பரில் ஸ்டீம் என்கிற இணைய கேம் கடையில் அரைகுறையாக வந்தது, முழு வெர்ஷன் 2022 அக்டோபரில், விலை 4.99 டாலர். அவர் அதற்கு முன்னால் சூதாட்ட கேம்கள் செய்யும் துறையில் வேலை பார்த்தவர். கேமில் கிடைக்கும் பரிசுப் பெட்டியைத் திறக்கும்போது கலர் கலராகப் பீய்ச்சியடித்து, பாட்டுப் போட்டு, ஒரு பொருளா மூன்றா ஐந்தா என்று நம்மைத் தவிக்கவிடுகிற அந்த சில நொடிகளைப் பார்த்தாலே அது புரியும். ஒரு ரன், அதாவது ஒரு ஆட்டம், 30 நிமிஷம். எதிரியைக் கொன்றால் நீலக்கல் விழும், கல்லைப் பொறுக்கினால் லெவல் ஏறும், லெவல் ஏறினால் மூன்று நான்கு பொருட்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஆறு ஆயுதம், ஆறு துணைப்பொருள் (தானாக அடிக்காது, நமக்கும் ஆயுதத்துக்கும் பலம் கூட்டும்), அதற்கு மேல் இடமில்லை. உண்மையான சண்டை இந்தத் தேர்வில்தான் நடக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது ரன் ஆனது.

நான் செய்த முதல் தப்பு எல்லோரும் செய்வதுதான். புது ஆயுதம் வந்தால் உடனே எடுத்துக்கொள்வது. ஐந்து நிமிஷத்தில் ஆறு ஆயுதமும் சேர்ந்துவிடும், பார்க்கத் திருவிழா மாதிரி இருக்கும், எட்டாவது நிமிஷத்தில் செத்துப்போவேன். கணக்கு எளிது. ஒரு ஆயுதம் எட்டாவது லெவல் வரை போகும். ஆறையும் ஏற்ற 47 லெவல் வேண்டும் (முதல் ஆயுதம் கையோடு வருகிறது), துணைப்பொருள் பெரும்பாலானவை ஐந்து லெவல், அதற்கு இன்னொரு முப்பது. எனக்கோ முதல் பத்து நிமிஷத்தில் முப்பது சொச்சம் கிடைப்பதே பெரிது. அதை ஆறாகப் பங்கு போட்டால் ஒன்றுக்கும் பல் இருக்காது. இரண்டு ஆயுதத்தை முதலில் ஏற்றிவிட்டால் எதிரி வேகமாகச் சாவான். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் திரையில் இத்தனை எதிரியாவது இருக்க வேண்டும் என்று கேமுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது, நாம் கொல்லக் கொல்ல அது இட்டு நிரப்பும். வேகமாகக் கொல்பவனுக்குக் கல்லும் வேகமாக விழுகிறது. பணக்காரனிடம்தான் பணம் சேரும் என்கிற கதைதான்.

அடிக்கிற பட்டன் இல்லை என்றேன், ஆனால் குறி பார்ப்பது இருக்கிறது, அதைக் காலால் செய்கிறோம். மந்திரக்கோல் பக்கத்தில் இருக்கும் எதிரியைத் தானே தேடிப் போகும். கோடாரி மேலே போய் வளைந்து விழும். மின்னல் மோதிரம் யார் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. சாட்டை நாம் பார்க்கிற பக்கம் படுக்கை வசமாக வீசும், நேராக மேலேயோ கீழேயோ நடந்தால் கடைசியாகத் திரும்பிய பக்கமே அடிக்கும். கத்தி இருக்கிறதே, அது நாம் போகிற திசையில் மட்டும் பறக்கும். கத்தியோடு தொடங்கும் ஜென்னாரோ என்கிற கேரக்டரை எடுத்துக்கொண்டு கூட்டத்தைக் கண்டு ஓடினால், கத்தி எல்லாம் ஆளில்லாத வெளியில் போய் விழும், துரத்துகிறவன் சௌகரியமாகத் துரத்துவான். நான் கண்டுபிடித்த வழி, மூன்றடி ஓடி அரை நொடி அவன் பக்கம் திரும்பி, கத்தி கிளம்பியதும் மறுபடி ஓடுவது. எங்கள் ஊர் நாயைச் சமாளிக்கிற அதே முறை.

இப்போது பில்டுக்கு, அதாவது எதோடு எதைச் சேர்த்து வைப்பது என்பதற்கு வருவோம், விஷயமே இங்கேதான் இருக்கிறது. கீரை ஒவ்வொரு லெவலுக்கும் டேமேஜை 10 சதவீதம் ஏற்றும், ஐந்து லெவலில் ஒன்றரை மடங்கு. எம்ப்டி டோம் என்கிற வெற்றுப் புத்தகம் அடிக்கும் அடிக்கும் நடுவிலுள்ள காத்திருப்பை லெவலுக்கு 8 சதவீதம் குறைக்கும், ஐந்தில் 40 சதவீதம். எண்ணைப் பார்த்தால் கீரைதான் பெரிசு, 50 எங்கே 40 எங்கே என்று நானும் கீரையாக அள்ளிக்கொண்டிருந்தேன். காத்திருப்பு நூற்றிலிருந்து அறுபதானால், அதே நேரத்தில் மூன்று அடி விழுந்த இடத்தில் ஐந்து அடி விழும், அதாவது 67 சதவீதம் கூடுதல். இரண்டையும் சேர்த்து வைத்தால் கூட்டல் இல்லை, பெருக்கல்: கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. டூப்ளிகேட்டர் இன்னும் சூட்சுமமானது. அது இரண்டு லெவல்தான், ஒவ்வொன்றும் ஒரு எறிபொருளைக் கூட்டும். ஒரே கத்தி எறிகிறவனுக்கு மூன்றாகும், நாலு எறிகிறவனுக்கு ஆறுதான் ஆகும். சீக்கிரம் கிடைத்தால் பொன், கடைசியில் கிடைத்தால் வெள்ளி.

ஆனால் எந்த ஆயுதம் எதைக் கண்டுகொள்ளும் என்பதை கேம் வாய் திறந்து சொல்வதில்லை, என் பெரிய குறை இதுதான். பூண்டு என்று ஒன்று இருக்கிறது (ஆமாம், பூண்டேதான், நம்மைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு உள்ளே வருகிறவனை எல்லாம் வாட்டும்). ஒரு ரன்னில் டூப்ளிகேட்டரை எடுத்துவிட்டு வட்டம் இரண்டாகும் என்று காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பையன், "மாமா, பூண்டுக்கு அது வேலை செய்யாது, கேண்டலப்ரடார் எடுத்திருக்கணும் நீங்க" என்றான், பன்னிரண்டு வயது. சரிதான், பூண்டுக்குப் பரப்பளவு வேண்டும், கேண்டலப்ரடார் கூட்டுவது அதைத்தான், எண்ணிக்கை வேண்டாம். சாட்டைக்கு எறிபொருள் வேகம் கூட்டுவதும் வீண். பைபிளுக்கோ எல்லாமே பிடிக்கும்: பரப்பு, வேகம், நேரம், எண்ணிக்கை. நம்மைச் சுற்றிச் சுற்றி வந்து இடிக்கிற ஆயுதம் அது.

கேரக்டர்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அர்த்தம் புரியும். ஜென்னாரோவுக்கு எல்லா ஆயுதத்திலும் நிரந்தரமாக ஒன்று கூடுதல், அதனால்தான் தொடக்கத்திலிருந்தே இரட்டைக் கத்தி. இமெல்டாவுக்கு ஐந்து லெவலுக்கு ஒருமுறை எக்ஸ்பி (லெவல் ஏற்றும் புள்ளி) 10 சதவீதம் கூடும், 30 வரை, புதிதாக ஆடுகிறவர்கள் இவரோடு தொடங்கலாம். டோமாரியோ பைபிளோடு வருவார், ஆயுதத்தின் நேரமும் வேகமும் 40 சதவீதம் கூடுதல், நடையோ 40 சதவீதம் குறைவு. முதல் மூன்று நிமிஷம் வௌவால் கூட அவரை முந்திப் போகும், தாக்குப் பிடித்துவிட்டால் அப்புறம் நகரவே தேவையிருக்காது. போ என்கிற கிழவர் பூண்டோடு வருகிறார், உயிர் 30 குறைவு, எனக்கு ஒத்துவரவில்லை.

ஆயுதம் உருமாறுவது பற்றிச் சொல்லாமல் முடியாது. எட்டாவது லெவல் ஆயுதமும் அதற்குரிய துணைப்பொருளும் கையில் இருக்க, பத்து நிமிஷத்துக்குப் பிறகு வரும் பெரிய எதிரி போடுகிற பெட்டியைத் திறந்தால் அது புது ஆயுதமாகும். துணைப்பொருள் பொதுவாக ஒரே லெவல் இருந்தால் போதும், இது தெரியாமல் நான் எத்தனை லெவலை வீணடித்தேன் என்று எண்ணவே இல்லை. மந்திரக்கோலும் வெற்றுப் புத்தகமும் சேர்ந்தால் ஹோலி வாண்ட், இடைவெளி இல்லாமல் சுடும். பைபிளும் ஸ்பெல்பைண்டரும் சேர்ந்தால் சுழற்சி நிற்கவே நிற்காது. சாட்டைக்கு ஹாலோ ஹார்ட், உருமாறிய சாட்டை ரத்தம் குடித்து நமக்கு உயிர் தரும். பூண்டுக்கு பம்மரோலா என்கிற தக்காளி, கோடாரிக்குக் கேண்டலப்ரடார், நெருப்புக்கோலுக்குக் கீரை, மின்னலுக்கு டூப்ளிகேட்டர். ஆறு ஜோடியையும் பொருத்தி வைத்தால் ஓர் இடமும் வீணாகாது, ஜோடியில்லாத பொருளை எடுத்தால் ஓர் இடம் போயிற்று. பெட்டி விழுந்த நேரத்தில் ஆயுதம் இன்னும் ஏழிலேயே நின்றால் திறக்காதீர்கள், அப்படியே தரையில் கிடக்கட்டும், அது ஓடிப்போகாது, ஒரு சுற்றுச் சுற்றி லெவல் ஏற்றிக்கொண்டு வந்து திறங்கள்.

இன்னொன்று. மைதானத்தில் சில துணைப்பொருட்கள் சும்மா கிடக்கும், மேட் ஃபாரஸ்ட் என்கிற மைதானத்தில் கீரையே ஒரு பக்கம் கிடக்கிறது. ஆறு இடமும் நிரம்பிய பிறகு போய் எடுத்தால் அது ஏழாவதாகச் சேரும். சீக்கிரம் போய்ப் பொறுக்கினால் ஆறில் ஒன்றைத் தின்றுவிடும். அவசரக்காரனுக்கு இந்த கேமில் எல்லா இடத்திலும் அபராதம்தான்.

குறைகள் உண்டு. எதோடு எது சேரும் என்கிற பட்டியலே இன்லெய்ட் லைப்ரரி என்கிற மைதானத்தில் போய் ஒரு புத்தகத்தை எடுத்த பிறகுதான் ஆட்டத்தை நிறுத்தினால் வரும் மெனுவில் தெரிகிறது, அதுவரை குருட்டாம்போக்கு. பில்ட் அமைந்துவிட்டால் இருபதாவது நிமிஷத்துக்கு மேல் நமக்கு வேலையே இல்லை. திரை முழுக்க வெளிச்சமும் எண்களும், நம் பொம்மை எங்கே என்று தெரியாது. டேமேஜ் எண்களை செட்டிங்கில் அணைத்துவிடுங்கள், கண் பிழைக்கும். போனில் இலவசம், விளம்பரம் பார்ப்பதும் நம் இஷ்டம்தான், செத்தால் மறுபடி எழ, கடைசியில் கூடுதல் காசு வாங்க என்று. ஆனால் கட்டைவிரல் பாதித் திரையை மறைப்பதால் எனக்கு லேப்டாப்தான் வசதி. 2023 ஆகஸ்டிலிருந்து ஒரே திரையில் நாலு பேர் வரை ஆடலாம், அக்கா பையனோடு ஆடுவது அப்படித்தான்.

30 நிமிஷம் முடிந்ததும் எமன் வருவான். அரிவாளோடு சிவப்பாக ஒருத்தன், தொட்டாலே ஆள் காலி. அவனுடைய உயிர் நம் லெவலால் பெருக்கப்படுகிறது, அதனால் எவ்வளவு உழைத்து ஏறினோமோ அவ்வளவு தடிமனாக வருவான். அவனையும் கொல்ல ஒரு வழி இருக்கிறதாம், கடிகாரம் என்கிற ஆயுதமும் இரண்டு மோதிரங்களும் சேர்ந்த ஒன்று, லாரல் என்கிற ஆயுதமும் இரண்டு பதக்கங்களும் சேர்ந்த இன்னொன்று. மோதிரங்களும் பதக்கங்களும் மைதானத்தில் கிடக்கும் துணைப்பொருட்கள்தான், சீக்கிரமே பொறுக்கினால் ஆறில் நாலு இடம் அதற்கே போய்விடும், மிச்சம் இரண்டை வைத்து அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். போன ஞாயிறு நான் கீரையும் புத்தகமும் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தபோது, பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "கீரை வேண்டாம் மாமா, டூப்ளிகேட்டர்" என்றான். இன்னும் முடிவு எடுக்கவில்லை.