பிரதேச சபை அமர்வும் தகவல் சேவையும்: ஐந்துக்கு இரண்டரை

பெக்கோ மெசின் வந்து முனையில் நின்று கிண்டத் தொடங்கிய காலையில்தான் எங்கள் ஒழுங்கைக்கு வடிகான் வரப்போகிறது என்பதே எங்களுக்குத் தெரியும். சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. கார்த்திகையிலிருந்து தை வரை முழங்கால் தண்ணீருக்குள்ளால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறின ஆட்கள் நாங்கள். ஆனால் மேட்டுப் பக்கத்திலிருந்து கிண்டிக்கொண்டு வந்தவர்கள், பள்ளத்தில் இருக்கிற மதகைத் தொட இன்னும் 30 மீற்றர் கிடக்கும்போது வேலையை முடித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் மேசன் தம்பி, "எங்களுக்குத் தந்த நீளம் இவ்வளவுதான் ரீச்சர்" என்கிறார். மறுகா மழை வந்தது. முன்பெல்லாம் ஒழுங்கை முழுக்கப் பரவி நின்ற தண்ணீர், இப்போது கொங்கிரீட் வழியே அழகாக ஓடிவந்து எதிர்வீட்டு மாமாவின் படலைக்குள் நேராக இறங்குகிறது.

இந்த 30 மீற்றர் எங்கே போனது என்று தேடி அலைந்ததில், எங்கள் பிரதேச சபை மக்களுக்குத் தகவல் சொல்கிற சேவையை மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டேன். கடைகளுக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவு பேர் ரிவியூ எழுதுகிறீர்கள், வருடா வருடம் சோலைவரி (வீடு வளவுக்கான வரி) கட்டுகிற இடத்துக்கு ஒன்று எழுதினால் குற்றமில்லையே. எந்தச் சபை என்று சொல்லவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 2 நகர சபை, 9 பிரதேச சபை இருக்கின்றன, அந்த ஒன்பதில் ஒன்று. வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் இது எங்கட சபைதான் என்று நினைக்கப்போகிறீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அரைநாள் பிழையான வாசலில் போனது. பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. முன்னது அரசாங்கத்தின் நிர்வாகம், பின்னது நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பின ஆட்களின் சபை. இருபத்தைந்து வருடம் படிப்பித்த நானே கிராம சேவையாளரிடம் போய் நின்று, அவர் "அது எங்கட வேலை இல்லை ரீச்சர், சபையில கேளுங்க" என்று சொன்ன பிறகுதான் திரும்பினேன். ரோட்டுக்கும் இதே தலைவலிதான். பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, சில வீதிகள் மாகாணத்துக்கு, உள் ஒழுங்கை சபைக்கு. எந்தக் குழிக்கு யாரிடம் போய்ச் சண்டை பிடிக்க வேண்டும் என்று ஒரு பலகை எழுதிச் சந்தியில் நட்டாலே பாதி சனத்தின் நடை மிச்சமாகும்.

சரி, சபைக்கு வருவோம். அறிவித்தல் பலகை இருக்கிறது, கண்ணாடிக் கதவு போட்டது. உள்ளே டெங்கு போஸ்டர் ஒன்று, திகதி முடிந்த விலைமனுக் கோரல் இரண்டு, நாய் வளர்ப்பவர்களுக்கான அறிவித்தல் ஒன்று. அடுத்த அமர்வு எப்போது என்று எங்கேயும் இல்லை. கேட்டால், "உறுப்பினர்மாருக்குக் கடிதம் போகும்தானே" என்று பதில். பேஸ்புக் பக்கமும் இருக்கிறது, அது நன்றாகவே ஓடுகிறது. அடிக்கல் நாட்டினது, ரிபன் வெட்டினது, குப்பைத் தொட்டி கையளித்தது எல்லாம் சுடச்சுடப் படத்தோடு வரும். மூன்று மாதத்துப் பதிவுகளை ஒரு இரவு உட்கார்ந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன், செய்து முடித்ததைத் தவிர செய்யப்போவது என்று ஒன்றுமே கண்ணில் படவில்லை. எங்கள் வடிகானுக்குக்கூடப் படம் போட்டிருக்கிறார்கள், மேட்டுப் பக்கத்தில் நின்று எடுத்தது.

அமர்வுத் திகதியை எனக்குச் சொன்னது சபைக்கு முன்னால் இருக்கிற தேத்தண்ணிக் கடைக்காரர். அன்றைக்கு அவருக்கு ரோல்ஸ் ஓடர் வருமாம், அதை வைத்துக் கணக்கு.

மாதம் ஒருமுறை சபை கூடும், பொதுமக்கள் போய் இருந்து பார்க்கலாம். வாசலில் நின்ற தம்பிக்கு அது புதுச் செய்தி. "ஆரைப் பார்க்க வந்தீங்க?" என்றார். கூட்டம் பார்க்க வந்தேன் என்றேன். உள்ளே போய் ஒருவரைக் கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, கடைசியில் "வாங்க ரீச்சர், இரிங்க" என்று ஒரு கதிரை போட்டார்கள். இதில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எனக்குக் கிடைத்த மரியாதையில் பாதி அந்த 'ரீச்சர்' என்ற சொல்லுக்குக் கிடைத்தது. தண்ணீர் இறங்கின வீட்டு மாமா கடல்தொழில் செய்கிறவர், எனக்கு முதல் இரண்டு முறை போயிருக்கிறார், இரண்டு முறையும் "நாளைக்கு வாங்க" தான். ஒரே கேள்வி, ஒரே கவுண்டர். இதற்காகவே முழுசாக ஒரு புள்ளியை வெட்டுகிறேன்.

இருக்கை பற்றி: பார்வையாளருக்கென்று கடைசிச் சுவரோரம் நாலு பிளாஸ்டிக் கதிரை, காற்றாடி அவ்வளவு தூரம் எட்டாது. தவிசாளரின் மைக் வேலை செய்கிறது. உறுப்பினர்கள் பக்கம் இருப்பதில் ஒன்று விட்டு ஒன்றுதான் கேட்கும், ஆகவே பதில் தெளிவாகக் கேட்டது, கேள்வி என்னவென்று நாங்கள் ஊகிக்க வேண்டியிருந்தது. நிகழ்ச்சி நிரல் எனக்குத் தரவில்லை. முன்னால் இருந்த உறுப்பினரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசித்தேன், வகுப்பில் பிள்ளைகள் இப்படிச் செய்தால் ஏசுகிறவள் நான்.

போன மாதக் கூட்டறிக்கையை உறுதிப்படுத்த இரண்டு நிமிடம் எடுத்தார்கள், நிதிக்குழுவின் சிபாரிசுக்கு அதைவிடக் குறைவு. "ஏகமனதாக" என்று ஒரு சொல், அத்தோடு பக்கம் திரும்பியது. அப்புறம் ஒரு கட்டடத்தின் பெயர்ப்பலகையில் யார் யாருடைய பெயரைப் போடுவது என்று முக்கால் மணித்தியாலம். அதில் எல்லோருக்கும் கருத்து இருந்தது, மைக் வேலை செய்யாதவர்களுக்கும் சத்தம் இருந்தது. எங்கள் வடிகான் மாதிரி விஷயங்கள் எல்லாம் அந்த முதல் மூன்று நிமிடத்துக்குள் அடங்கிப்போகின்றன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கையில் தாள் இல்லாமல் வாசலில் நிற்கிறவருக்கு அமர்வு திறந்துதான் கிடக்கிறது, ஆனால் எதற்கு "ஏகமனதாக" சொன்னார்கள் என்று தெரியாமல் வீட்டுக்குப் போகலாம்.

நல்லதையும் எழுதுவோம். ஒரு பெண் உறுப்பினர் மட்டும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தொகை எந்த வீதிக்கு, எத்தனை மீற்றர்?" என்று கேட்டார். செயலாளர் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொன்னார். சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் என்று சட்டம் வந்தபோது நகைத்த ஆண்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள், அவர்களில் இரண்டு பேர் அன்று அந்த மண்டபத்திலேயே உறுப்பினராக இருந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளேன்டீயும் ரோல்ஸும் எனக்கும் வந்தது. ரோல்ஸ் நல்லது, கடைக்காரரின் கணக்குப் பிழைக்கவில்லை.

இந்தச் சேவையில் உண்மையாகவே வேலை செய்கிற பகுதி என்றால் தகவல் அறியும் உரிமை மேசைதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, இன்னும் எங்கள் ஆட்களில் பலர் இதை ஊடகக்காரருக்கு உரிய சாமான் என்று நினைக்கிறார்கள். இலங்கைப் பிரஜை என்றால் போதும். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க ஏலாது. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், உத்தியோகத்தர் எழுத வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மேன்முறையீடு, அதற்கும் மசியாவிட்டால் கொழும்பில் ஆணைக்குழு. நான் அரைத்தாளில் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். மதிப்பீட்டில் நீளம் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, எந்த அமர்வில் முடிவானது. தகவல் உத்தியோகத்தர் ஒரு சின்னப் பிள்ளை, வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட இருக்காது. பற்றுச்சீட்டைக் கையோடு தந்தார், பதினோராவது நாள் போன் எடுத்து "ரெடி ரீச்சர், வாங்க" என்றார். போட்டோக்கொப்பிக்குக் கட்டின காசுக்கு ஒரு சோடா வாங்க ஏலாது. இந்த மேசைக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து. (மாமாவையும் பிறகு கூட்டிக்கொண்டு போய் அவர் பெயரில் ஒன்று கொடுக்க வைத்தேன். அந்தப் பிள்ளை அவரையும் அப்படியே கவனித்தது, அதையும் எழுதிவிட வேண்டும்.)

அந்தத் தாள்களில் இருந்தது களவு இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கே ஒரு மாதிரி ஏமாற்றமாக இருந்தது. முதல் மதிப்பீட்டில் மதகு வரை நீளம் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பழைய வடிகான் இடிந்துபோக, பிள்ளைகள் நடக்கிற இடம் என்று, எங்கள் பணத்தில் ஒரு பங்கை அங்கே திருப்பியிருக்கிறார்கள். கேட்டிருந்தால் ஒழுங்கையில் ஒருவரும் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டோம், அதில் படிக்கிறது எங்கள் பிள்ளைகள்தான். ஆனால் ஒன்று சொல்லியிருப்போம்: இருக்கிற நீளத்தை மதகிலிருந்து மேலே கட்டிக்கொண்டு வாருங்கள், மிச்சம் மேட்டில் கிடக்கட்டும். தண்ணீருக்கு முதலில் போகிற இடம் வேண்டும், வருகிற வழி பிறகு பார்த்துக்கொள்ளலாம். வயல் செய்கிற எவருக்கும் இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. நீளம் குறைந்தது சபையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அந்த ஒழுங்கையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரியாது.

இதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. உள்நாட்டுப் பணத்தில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே அதன் விபரத்தை மக்களுக்கு அறிவிக்க வேண்டும். கடமை பொறுப்பான அமைச்சருக்கு, சபைக்கு இல்லை என்று வாதாடலாம், வாதாடட்டும். ஒழுங்கை முனையில் ஒரு தாளை ஒட்டுவதற்கு அமைச்சர் வர வேண்டுமா?

எங்கள் சனத்துக்குக் கூட்டம் நடத்தத் தெரியாது என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரும்போக (மாரிகால நெற்செய்கை) ஆரம்பக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பது, விதைப்புக்குக் கடைசி நாள் எது, மாடுகளை எந்தத் திகதிக்குள் வயல் கண்டத்தை விட்டு வெளியேற்ற வேண்டும், எல்லாம் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசி முடிவெடுப்பது. நீர்ப்பாசனம், கமநலம், விவசாயம் என்று ஒவ்வொரு திணைக்களமும் வந்திருக்கும். வயல்களுக்குத் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கிற வட்டவிதானை ஒருவர் எழும்பி "போன போகம் கடைசிக் கண்டத்துக்குத் தண்ணி வரேல்ல" என்றால் இஞ்சினியர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். சத்தம் வரும், சில நேரம் கதிரையும் நகரும். ஆனால் கூட்டம் கலையும்போது திகதி எல்லோருக்கும் தெரியும், வராதவனுக்கும் பக்கத்து வயல்காரன் சொல்லிவிடுவான். கோயிலை எடுங்கள், நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் கணக்கு வாசிக்கிற நாளில் ஒரு தேங்காய் பிழைத்தாலும் விடமாட்டோம். அதே வண்ணக்கர், அதே வட்டவிதானை, சபை வாசலில் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்கள். உள்ளே எப்போது எது முடிவாகும் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால்தான்.

சபைக்காக ஒன்று சொல்ல வேண்டும் என்றால், 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்த பிறகு 2025 மே 6 தேர்தல் வரை, இரண்டு வருடத்துக்கு மேல், போய் இருக்க ஒரு அமர்வே இருக்கவில்லை, செயலாளர் கையெழுத்தோடு காரியம் நடந்தது. அந்தப் பழக்கம் அலுவலகத்தில் இன்னும் போகவில்லை. புது உறுப்பினர்களில் சிலருக்குத் தங்கள் கையில் இருக்கிற தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கமும் இன்னும் வரவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: ஜன்னல் பக்கத்துக் கதிரையைப் பிடியுங்கள். கூட்டறிக்கையின் பிரதி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் "பார்ப்பம்" என்றுதான் வரும். தனியாகப் போகாதீர்கள். மூன்றாவது முறை நாங்கள் ஆறு பேர் போனோம், அன்றைக்கு நிதிக்குழுச் சிபாரிசு முழுசாக வாசிக்கப்பட்டது, பதினைந்து நிமிடம் எடுத்தது, யாரும் சாகவில்லை.

போன மாதத்திலிருந்து அமர்வுத் திகதியை ஏ4 தாளில் அடித்து கேட்டில் ஒட்டுகிறார்கள். மழை பட்டு மை கரைந்து கிடந்தது, என்றாலும் அதற்காக அரைப் புள்ளி கூட்டியிருக்கிறேன். எங்கள் 30 மீற்றர் அடுத்த வருடப் பாதீட்டில் (பட்ஜெட்டில்) வருமாம். வரைவுப் பாதீட்டைச் சபையில் எடுக்க முதல் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. எந்த மேசையில், எந்தெந்த நாள் வைப்பீர்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்றைக்கு எட்டாவது வேலை நாள். மாமா படலைக்குக் குறுக்கே ஒரு பழைய தோணிப் பலகையைப் போட்டு மண் அணைத்திருக்கிறார்.