கலர் கோடு (code) பெயிண்ட், டின்ட் மேட்ச், பிளெண்டிங், ஃபுல் பெயிண்ட்: வெளுத்த வண்டிக்கு எது ஒத்துப்போகும்?

டிங்கரிங் முடிஞ்சு வண்டிய வெளிய எடுத்தா அடிச்ச கதவு மட்டும் தனியா பளிச்சுன்னு நிக்குது, கேட்டா "கம்பெனி கோடு போட்டுதான் சார் அடிச்சோம்"ங்கிறாங்க. அவங்க சொல்றது பொய்யில்ல, சிக்கலே அங்கதான் இருக்கு. கோடுங்கிறது கம்பெனி அந்தக் கலருக்கு வச்ச அடையாளம், அது சொல்றது வண்டி புதுசா இருந்தப்போ இருந்த கலரை, அதுவும் தோராயமா, ஏன்னா ஒரே கோடுல பேட்ச் மாறினா ஷேடும் லேசா மாறும், அதனாலதான் பெயிண்ட் கம்பெனிங்களே ஒரு கோடுக்கு பல வேரியன்ட் ஃபார்முலா வச்சிருக்காங்க. அது போக வெயில் வேற. சிவப்பு வெளுக்கும், வெள்ளை மேல இருக்கிற பழைய கிளியர் (கலருக்கு மேல போடுற நிறமில்லாத பூச்சு) மஞ்சளடிக்கும், பானெட்டும் ரூஃபும் கதவை விட சீக்கிரம் அடி வாங்கும். வண்டி புதுசுன்னா கோடு பெயிண்ட் போதும், வயசான வண்டிக்கு அத ஆரம்பப் புள்ளியா மட்டும் வச்சுக்கணும்.

அடுத்தது டின்ட் பண்ணி சேர்க்கிறது, அதாவது வண்டியில இப்ப இருக்கிற கலருக்கு வர்ற மாதிரி பெயிண்ட்டை கலந்து திருத்துறது. இதுலயே ரெண்டு வழி: மெஷின் வச்சு ரீடிங் எடுக்கிறது, இல்ல கண்ணால பாத்து சொட்டு சொட்டா கலக்குறது. ஸ்பெக்ட்ரோ மெஷின் பல கோணத்துல லைட் அடிச்சு அளந்து, அதோட லிஸ்ட்ல இருக்கிறதுல கிட்டத்தட்ட வர்ற ஃபார்முலாவ குடுக்கும், அவ்ளோதான். அழுக்கு பேனல்ல வச்சா அழுக்கையும் சேர்த்துத்தான் படிக்கும். அனுபவமுள்ள பெயிண்டரோட கண்ணு இந்த மெஷினுக்கு சளைச்சதில்ல, ஆனா அவர் டியூப்லைட்ல மட்டும் பாத்து ஓகே பண்ணிட்டா வெயில்ல வந்ததும் வேற கலரா தெரியும், வேற பிக்மென்ட் கலந்தா அப்படித்தான் ஏமாத்தும். எனக்கு ரெண்டும் சேர்ந்திருந்தா நல்லது, மெஷின்ல ஆரம்பிச்சு, ஒரு டெஸ்ட் கார்டுல அடிச்சு, கிளியரும் போட்டு காயவச்சு, வெயில்ல வண்டி மேல வச்சு பாக்கணும். கிளியர் போடாத கார்டு வச்சு முடிவு பண்றவர நம்பவே வேணாம்.

எந்த வழின்னாலும் பக்கத்து பேனலை முதல்ல காம்பவுண்ட் போட்டு பாலிஷ் பண்ணிரணும். வெளுத்துப்போச்சுன்னு நாம நினைக்கிறதுல நிறைய மேல படிஞ்ச மங்கல்தான், தேய்ச்சா உள்ள பழைய கலர் எட்டிப்பாக்கும். அந்த மங்கலுக்கு மேட்ச் பண்ணி அடிச்சுட்டு அப்புறமா வண்டிக்கு பாலிஷ் போட்டீங்கன்னா போச்சு, மறுபடி ரெண்டு கலர்.

மினுமினுப்பு இல்லாத சாலிட் கலர்னா இந்த டின்ட் மேட்சோட கதை முடிஞ்சுரும், பெரும்பாலும் அடிபட்ட பேனல் மட்டும் அடிச்சா போதும். உலோகத் தூள் கலந்த மெட்டாலிக்ல, முக்கியமா சில்வர்ல, டின்னுக்குள்ள இருக்கிற கலர் அச்சு அசலா இருந்தாலும் கை மாறினா ஷேடு மாறும். ஈரமா கனமா அடிச்சா கருப்படிக்கும், ஸ்ப்ரே கன்னை தள்ளிப்புடிச்சு காய்ஞ்ச மாதிரி அடிச்சா வெளுப்பா வரும், அந்தத் தூள் (ஃப்ளேக்) எப்படி படுக்குதுங்கிறதப் பொறுத்து நேரா பாக்க ஒண்ணு, சாய்ச்சு பாக்க ஒண்ணு. அடிக்கலர், நடுவுல முத்து மாதிரி மினுங்குற கோட், மேல கிளியர்னு அடிக்கிற மூணு கோட் பேர்ல் இன்னும் மோசம், நடு கோட் ஒண்ணு கூடினாலே கலர் மாறிடும், அதனால ஒரு கோட், ரெண்டு கோட், மூணு கோட்னு படிப்படியா அடிச்ச டெஸ்ட் பேனல் இல்லாம அதுல கை வைக்கவே கூடாது.

இங்கதான் பிளெண்டிங் ஜெயிக்குது. முன்கதவுல முழுசா கலர் அடிச்சு, அத ஃபெண்டர்லயும் பின்கதவுலயும் கொஞ்சம் கொஞ்சமா கரையவிட்டு, மூணு பேனல் முழுசுக்கும் கிளியர் போடுவாங்க. நம்ம கண்ணு ரெண்டு கலர் ஒரு கோட்டுல முட்டுறதத்தான் புடிக்கும், மெதுவா மாறினா கவனிக்காது. செலவு கூடும், நல்லா இருந்த பேனலையும் லேசா தேய்ச்சு கிளியர் போடணும், ஹேண்டில் பீடிங் எல்லாம் கழட்டணும், கம்பெனி பெயிண்ட்டை தொடுறதான்னு சிலருக்கு மனசு வராது, அது நியாயம்தான். ஆனாலும் மெட்டாலிக் வண்டிக்கு என் ஓட்டு இதுக்குத்தான். ஒரே கண்டிஷன், கிளியரை பேனல் நடுவுல நிறுத்தக்கூடாது, ஓரம் வரைக்கும் போகணும், இல்லன்னா நாளாக நாளாக அந்த இடம் கோடா தெரியும், உரியவும் செய்யும். பின் சக்கரத்துக்கு மேல இருக்கிற பின் குவார்ட்டர் பேனல்தான் தலைவலி, ரூஃபோட ஒட்டியே வர்றதால ஓரமே கிடையாது.

பம்பருக்காக ரொம்ப சண்டை போடாதீங்க, பிளாஸ்டிக்ங்கிறதால பல புது வண்டியிலயே அது பாடியோட லேசா மாறித்தான் இருக்கும்.

ஃபுல் பெயிண்ட்? ஒரு கதவுக்காக அடிக்கிறது வீண், கதவைத் திறந்தா தெரியுற உள்பக்க ஜாம்ல பழைய கலர் எப்படியும் தெரியும், அவசரமா அடிச்சா ரப்பர்லயெல்லாம் ஓவர்ஸ்ப்ரே, பெயிண்ட் தெறிச்சு படிஞ்சிருக்கும். ரூஃப்லயும் பானெட்லயும் கிளியர் உரிய ஆரம்பிச்ச வண்டின்னா மட்டும் யோசிக்கலாம், ஏன்னா உரிஞ்ச பேனல் மேல எத பிளெண்ட் பண்ணாலும் நிக்காது.